நண்டுமுனைக்காரர்கள் ஓங்கிலைத் தண்ணி தெளித்து விட்ட கதை

நண்டுமுனையில் மொத்தம் இருபத்து மூன்று வீடுகள். இருபத்து மூன்றிலும் நல்லவர்களே குடியிருந்தார்கள். சொன்னால் சொன்னதைச் செய்வார்கள். அந்த ஊரில் இருந்த ஒரே கோளாறு அதுதான்.

ஒரு தடவை ஊரில் காய்ச்சல் பரவியபோது நர்சம்மா ஒருத்தி வந்து, "மாத்திரையைச் சாப்பாட்டுக்கு முன்னால போடுங்க" என்று சொல்லிவிட்டுப் போனாள். மூன்று நாள் ஊரே சோற்றுத் தட்டுக்கு முன்னால் ஆளுக்கொரு மாத்திரையைப் போட்டு வைத்துச் சாப்பிட்டது. நாலாம் நாள் காய்ச்சல் தானாகப் போய்விட்டது. அருமையான மாத்திரை என்று இன்றைக்கும் சொல்லுவார்கள். அடுத்த காய்ச்சலுக்கு ஆகும் என்று துடைத்து எடுத்து வைத்திருக்கிறார்கள்.

அந்த ஊரில் இஞ்ஞாசி என்று ஒரு பெரியவர். அவருக்கு ஒரே மகன் தொம்மை, வயது முப்பதைத் தாண்டியவன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒருநாள் வள்ளம் கரைக்கு வந்ததும் இஞ்ஞாசி, "நங்கூரத்தைப் போட்டுட்டு வால" என்று மகனிடம் சொல்லிவிட்டு இறங்கினார். தொம்மை நங்கூரத்தைத் தூக்கிக் கடலில் போட்டுவிட்டு வந்தான். அதைக் கயிற்றில் கட்டச் சொல்லி யாரும் சொல்லவில்லை. வள்ளம் அதன் பாட்டுக்குப் போய்விட்டது. இஞ்ஞாசி அன்றைக்கே ஊரறிய, "இவனைத் தண்ணி தெளிச்சு விட்டாச்சு. இனிமே என் கண்ணு முன்னால நிக்கக் கூடாது" என்று கத்தினார்.

அன்றிலிருந்து தொம்மை அப்பாவுக்குப் பின்னால்தான் நிற்கிறான். சாப்பாடும் அங்கேதான், தூக்கமும் அங்கேதான். இஞ்ஞாசிக்குக் கோபம் ஒரு வருஷத்திலேயே தணிந்துவிட்டது. மகன் எங்கே என்று யாரையாவது கேட்பார். "பின்னால" என்பார்கள். சரி, பின்னால் வருவான் போல என்று அவரும் காத்துக்கொண்டிருக்கிறார்.

இது இருக்கட்டும். நான் சொல்ல வந்தது ஓங்கில் கதை.

பள்ளிக்கூடத்துப் புத்தகத்தில் டால்பின் என்று போட்டிருப்பார்களே, அதுதான் நண்டுமுனையில் ஓங்கில். பிறந்த நாளிலிருந்து பார்க்கிற ஜந்து. வள்ளத்துக்கு முன்னால் நாலு துள்ளுத் துள்ளும், போய்விடும். அதற்குப் புத்தி உண்டு என்று அதுவரை யாரும் அவர்களிடம் சொன்னதில்லை. அதனால் இரண்டு தரப்பும் நிம்மதியாக இருந்தன.

ஒரு சனிக்கிழமை காலை ஊர்த்தலைவர் கஸ்பார் கழிமுகத்தில் கட்டியிருந்த தன் வலையைப் பார்க்கப் போனார். கடல் ஏறும்போது கழிக்குள் தண்ணீர் வரும், இறங்கும்போது வாய்ப்பக்கம் மணல் மேடு தட்டிவிடும். ராத்திரி மடவை மீனைத் துரத்திக்கொண்டு உள்ளே வந்த ஓங்கில் ஒன்று வலையில் துடுப்பு சிக்கி, முழங்கால் தண்ணீரில் கிடந்தது. வலையை அறுத்து எடுத்தார்கள். துடுப்பில் கயிறு பதிந்த தழும்பு ஒன்று. மற்றபடி உயிர் இருந்தது. ஆனால் மணல் மேட்டைத் தாண்டிப் போகத் தண்ணீர் இல்லை.

"நாலு பேரு தூக்கி மேட்டுக்கு அந்தப் பக்கம் விட்டுருவோமா மச்சான்?" என்றார் இஞ்ஞாசி. நண்டுமுனையின் சரித்திரத்திலேயே யாரும் சொல்லித்தராமல் சொல்லப்பட்ட ஒரே நல்ல யோசனை அது.

"வேண்டாம்," என்றார் கஸ்பார். "திங்கக்கிழமை பிரகாசிக்குக் கல்யாணம். இந்த நேரத்துல நாமளா ஒண்ணு செஞ்சு வம்பாயிரக் கூடாது. விவரம் தெரிஞ்சவங்களைக் கேட்டுச் செய்வோம்."

பிரகாசி அவருடைய ஒரே மகள். மாப்பிள்ளை வீட்டார் நாலு வருஷம் யோசித்துச் சம்மதித்த கல்யாணம்.

அந்த ஊரில் கரையில் கவிழ்த்துப் போட்ட பழைய வள்ளத்தின் மேல் ஏறி நின்றால்தான் போனில் சிக்னல் கிடைக்கும். அதுவும் நாலு வாக்கியத்துக்கு மேல் தாங்காது. கஸ்பார் ஏறி நின்று வனத்துறை ரேஞ்சரம்மாவைப் பிடித்தார். ஊர் முழுக்கக் கேட்கும்படி ஸ்பீக்கரில் போட்டார்.

"அது மீன் இல்லைங்க, பாலூட்டி," என்றது போன். "ரொம்பப் புத்திசாலி. அறிவுல மனுஷனுக்கு அடுத்தது அதுதான்னே சொல்லலாம். அது செத்துப் போச்சுன்னா வலைக்காரர் உள்ள போக வேண்டியிருக்கும், ஞாபகம் வச்சுக்குங்க. நான் வர அஞ்சு மணி நேரம் ஆகும். அதுவரைக்கும் அதைச் சுத்திக் கூட்டம் போடாதீங்க."

அதோடு கட்டாகிவிட்டது.

கஸ்பார் வள்ளத்தை விட்டு இறங்கினார். மகள் கல்யாணத்தன்று தான் கம்பிக்குப் பின்னால் இருந்தால் அவளைக் கோயில் வாசலிலிருந்து கைப்பிடித்து யார் கூட்டிப்போவார்கள் என்று நினைத்ததும் அவருக்குக் கண் கலங்கியது.

"அம்மா சொன்னதுல ஒண்ணு பிசகக் கூடாது," என்றார். "கூட்டம் போடக் கூடாதுன்னு சொல்லியிருக்காவ. இது ஊர்ல எல்லாருக்கும் தெரியணும். தெரியாம யாராச்சும் கூட்டம் போட்டுட்டா?"

"தெரியப்படுத்த ஒரே வழிதான்," என்றார் இஞ்ஞாசி. "கூட்டம் போட்டுச் சொல்லிருவோம்."

இருபத்து மூன்று வீட்டுக்காரர்களும் ஓங்கிலைச் சுற்றி முழங்கால் தண்ணீரில் நின்றார்கள். இனி கூட்டம் போடுவதில்லை என்று ஒருமனதாகத் தீர்மானம் ஆனது. அப்படியானால் இந்தக் கூட்டம் என்ன கணக்கு என்று பின்வரிசையில் ஒருவர் கேட்டார். இது தீர்மானத்துக்கு முந்தின கூட்டம், செல்லும் என்று தலைவர் விளக்கினார். தீர்மானத்தை எல்லாரும் ஒழுங்காகக் கடைப்பிடிக்கிறார்களா என்று பார்க்க அரைமணி நேரம் கழித்து இன்னொரு கூட்டம் போட்டார்கள். ஒருவர்கூட வராமல் இல்லை.

இதற்கிடையில் தலைவர் சம்சாரம் சலேத்தம்மாள் வீட்டிலிருந்து ஒரு பெரிய செம்போடு வந்தாள்.

"பாலூட்டின்னு அம்மா சொன்னாவளே," என்றாள். "கல்யாணப் பாயாசத்துக்கு இன்னும் பாலுக்குச் சொல்லலை. எந்தப் பக்கம் கறக்கணும்னு யாருக்காவது தெரியுமா?"

யாருக்கும் தெரியவில்லை. சலேத்தம்மாள் ஓங்கிலை மூன்று சுற்றுச் சுற்றி வந்தாள். மாடு என்றால் பின்னால் இருக்கும், ஆடு என்றாலும் பின்னால்தான். இதற்குப் பின்னால் வால் மட்டும் இருந்தது. கடைசியில் உச்சந்தலையில் ஒரு துளை தெரியவே, அதற்கு நேராகச் செம்பைப் பிடித்துக் காத்திருந்தாள். ஓங்கில் புஸ்ஸென்று ஒரு மூச்சு விட்டது. செம்பு, முகம், கொண்டை எல்லாம் நனைந்துவிட்டன.

சலேத்தம்மாள் செம்புக்குள் எட்டிப் பார்த்தாள். "தண்ணி ஜாஸ்தி," என்றாள். "நம்ம பால்காரனே தேவலை."

பத்தரை மணிக்கு வெயில் ஏறியது. கஸ்பார் மறுபடி வள்ளத்தின் மேல் ஏறினார்.

"வெயில் படாம நிழல் கொடுங்க," என்றது போன். "உடம்பு காஞ்சா போச்சு. நான் வர்ற வரைக்கும் தண்ணி தெளிச்சு விட்டுக்கிட்டே இருங்க." கட்டாகிவிட்டது.

நிழல் பிரச்சனை இல்லை. ஊரிலேயே உயரமானவன் தொம்மை. அவனுடைய நிழலைக் கொடுப்பது என்று முடிவானது. அவன் ஓங்கிலுக்குக் கிழக்கே நின்றான். வெயில் நகர, நிழலும் நகர, தொம்மையும் நகர்ந்தான். உச்சிவேளையில் நிழல் அவன் காலடிக்கே வந்துவிட்டது. தொம்மை யோசித்து, இரண்டு காலையும் அகட்டி ஓங்கிலுக்கு மேலேயே நின்றுகொண்டான். ஓங்கில் ஒற்றைக் கண்ணால் அவனை அண்ணாந்து பார்த்தது. பன்னிரண்டு வருஷமாக முதுகை மட்டுமே பார்த்து வந்தவன் தொம்மை. தன்னை ஒரு ஜீவன் முகத்துக்கு நேராகப் பார்த்ததும் அவனுக்கு மனசு நிறைந்துபோனது. இதைச் சாக விடக்கூடாது என்று அப்போதே நினைத்துக்கொண்டான்.

தண்ணி விஷயம்தான் சிக்கலாக இருந்தது.

"தண்ணி தெளிச்சு விடறதுன்னா சும்மாவா?" என்றார் கஸ்பார். "பெத்தவன் பிள்ளைய வெறுத்துச் செய்யிற காரியம்லா அது. நமக்கும் இதுக்கும் என்ன உறவு? வழில போறவனை எப்படித் தண்ணி தெளிச்சு விட முடியும்?"

"முடியாது," என்றார் இஞ்ஞாசி. இதில் அவருக்கு அனுபவம் உண்டு. "முதல்ல சொந்தம் கொண்டாடணும். பேர் வைக்கணும், தூக்கி வளர்க்கணும், பெறகு அது உருப்படாமப் போவணும். அப்பத்தான் தெளிக்க முடியும்."

"அஞ்சு மணி நேரத்துல இவ்வளவும் முடியுமா அண்ணே?" என்று கவலைப்பட்டாள் சலேத்தம்மாள்.

"உருப்படாமப் போறதுக்கு நம்ம ஊர்ல அவ்வளவு நேரம் ஆவாது," என்றார் இஞ்ஞாசி.

ஓங்கிலைத் தத்தெடுத்தார்கள். ஆணா பெண்ணா என்று தெரியாததால் இரண்டுக்கும் பொருந்துகிற மாதிரி வியாகுலம் என்று பேர் வைத்தார்கள். பேர் வைத்தால் ஞானஸ்நானத் தண்ணீர் ஊற்ற வேண்டும். ஆகவே வீட்டுக்கு ஒரு குடம் வீதம் இருபத்து மூன்று குடம் ஊற்றினார்கள். பிறகு இஞ்ஞாசி ஒரு செம்புத் தண்ணீரோடு முன்னால் வந்தார். ஆனால் ஓங்கிலைப் பார்த்து நின்றால் தொம்மை அப்பாவின் கண் முன்னால் வந்துவிடுவான். அதனால் நாலு பேர் இஞ்ஞாசியைப் பிடித்து அந்தப் பக்கமாகத் திருப்பி நிறுத்தினார்கள்.

"ஏல வியாகுலம்," என்று இஞ்ஞாசி தென்னை மரத்தைப் பார்த்துக் கத்தினார். "பேர் வச்சு இவ்வளவு நேரமாச்சு, ஒரு வேலை வெட்டிக்குப் போனியா? காலைலேருந்து படுத்தே கிடக்க. இன்னையோட உன்னையத் தண்ணி தெளிச்சு விட்டாச்சு." சொல்லிவிட்டுத் தோளுக்கு மேலாகப் பின்பக்கம் தண்ணீரைத் தெளித்தார். பாதி தொம்மை மேல் விழுந்தது.

"முடிஞ்சுதா?" என்றார் கஸ்பார்.

"எங்க முடிஞ்சுது? விட்டுக்கிட்டே இருக்கணும்னு சொல்லியிருக்காவளே. ஒரு தடவை விட்டதை மறுபடி எப்படி விடறது? திரும்பச் சேத்துக்கிட்டாத்தான் திரும்ப விட முடியும்," என்றார் இஞ்ஞாசி.

நியாயம்தான். ஊரார் வியாகுலத்தை மன்னித்துச் சேர்த்துக்கொண்டார்கள். மறுபடி வீட்டுக்கு ஒரு குடம். இஞ்ஞாசி மறுபடி திட்டித் தண்ணி தெளித்தார். மறுபடி மன்னிப்பு, மறுபடி இருபத்து மூன்று குடம். மதியம் ஒரு மணிக்குள் ஓங்கிலைப் பதினோரு தடவை பிள்ளையாக்கிப் பதினோரு தடவை விலக்கி வைத்தார்கள். உலகத்தில் எந்த ஓங்கிலும் கரையில் இவ்வளவு நனைந்து கிடந்திருக்காது. பத்தாவது தடவையே இஞ்ஞாசிக்கு மனசு இளகிவிட்டது. "பாவம், இது என்னத்தைச் செஞ்சுது, நாந்தான் ரொம்பப் பேசிட்டேன்," என்று தென்னை மரத்தைப் பார்த்து அழுதார். அவருக்குப் பின்னால் தொம்மையும் அழுதான்.

அப்போதுதான் சலேத்தம்மாள் அலறினாள். "இங்க பாருங்க, ஒரு கண்ணை மூடிட்டு."

எல்லாரும் குனிந்து பார்த்தார்கள். ஓங்கிலுக்கு இடது கண் மூடியிருந்தது. வலது கண் திறந்திருந்தது.

"பாதி செத்துட்டு," என்றார் இஞ்ஞாசி.

கஸ்பார் குனிந்து தன் உடம்பைப் பார்த்துக்கொண்டார். "பாதி செத்தா நானும் பாதிதான உள்ள போவணும்? எந்தப் பாதி? வலது கை வெளிய இருந்தாப் போதும், பிரகாசி கையைப் பிடிச்சுக் குடுத்துருவேன்." வள்ளத்தின் மேல் தாவி ஏறி போனைப் போட்டார்.

"சாகலைங்க, தூங்குது," என்றார் ரேஞ்சரம்மா. "அது பாதி மூளையாலதான் தூங்கும். மீதிப் பாதி முழிச்சுக்கிட்டு வேலை பாக்கும்." கட்டாகிவிட்டது.

ஊருக்கு உயிர் வந்தது.

"பாதி மூளையை வச்சு நாள் முழுக்க வேலை பாக்குமாம்," என்று இஞ்ஞாசி கூட்டத்துக்கு எடுத்துச் சொன்னார். "இதைப் போயி அந்தம்மா பெரிசாச் சொல்லுதாவ. நாமெல்லாம் என்ன செய்யுதோம்?"

இரண்டு மணிக்குக் கடல் ஏற ஆரம்பித்தது. மணல் மேட்டின் மேல் முதல் அலை வழிந்தது. இந்தத் தடவை போன் அங்கிருந்தே வந்தது.

"கிட்ட வந்துட்டேன். இப்ப தண்ணி ஏறும். முகத்தைக் கடல் பக்கம் திருப்பி வச்சு, அசையாம நில்லுங்க. நான் வந்து பாத்துக்கறேன்." கட்டாகிவிட்டது.

யார் முகத்தை என்று அம்மா சொல்லவில்லை. இருபத்து மூன்று வீட்டுக்காரர்களும் தங்கள் முகத்தைக் கடல் பக்கம் திருப்பி அசையாமல் நின்றார்கள். தொம்மை காலை அகட்டியபடி நின்றான். தண்ணீர் முழங்காலிலிருந்து தொடைக்கு, தொடையிலிருந்து இடுப்புக்கு ஏறியது. கால்களுக்கு நடுவில் வழவழவென்று ஏதோ போவது தொம்மைக்குத் தெரிந்தது. ஆனால் முகத்தைத் திருப்பினால் கஸ்பார் மாமா ஜெயிலுக்குப் போய்விடுவாரே என்று பல்லைக் கடித்துக்கொண்டு நின்றான்.

சற்று நேரத்தில் மேட்டுக்கு அந்தப் பக்கம் ஓங்கில் ஒன்று தலையைத் தூக்கியது.

"பாத்தியளா," என்றார் கஸ்பார் நெகிழ்ந்துபோய். "சொந்தக்காரன் தேடி வந்துட்டான்."

"முகச்சாடை அப்படியே வியாகுலம்தான்," என்றாள் சலேத்தம்மாள். எல்லாரும் அதற்குக் கை காட்டினார்கள். கை காட்டி முடித்துத் திரும்பினால் கழியில் வியாகுலத்தைக் காணோம்.

நண்டுமுனை அன்றைக்குப் போட்ட ஒப்பாரியை அதற்கு முன்னும் போட்டதில்லை, பின்னும் போட்டதில்லை. பதினோரு தடவை பேர் வைத்த பிள்ளை. மூலைக்கு மூலை முங்கித் தேடினார்கள். கஸ்பார் மணலில் உட்கார்ந்து தலையில் கை வைத்துக்கொண்டார்.

"மச்சான், மனசைத் தேத்திக்கோ," என்றார் இஞ்ஞாசி. "வெளிய நிக்காரே சொந்தக்காரர், அவரைக் கேட்டுப் பாப்போம். அம்மா வந்து போற வரைக்கும் வியாகுலத்துக்குப் பதிலா வந்து படுக்கட்டும்."

கஸ்பார் கழுத்தளவு தண்ணீரில் இறங்கிக் கையைக் கூப்பினார். "ஐயா, உங்க பிள்ளையைத் தொலைச்சுட்டோம். தப்புத்தான். நீங்க ஒரு மணி நேரம் வந்து படுத்துட்டுப் போங்க. திங்கக்கிழமை கல்யாணத்துக்கு முதல் பந்தி உங்களுக்குத்தான்."

ஓங்கில் முழுவதையும் கேட்டது. பிறகு கீச்சென்று ஒரு சத்தம் போட்டுவிட்டு, கழிமுகத்துக்கு நேர் எதிர்த் திசையில் ஒரு துள்ளுத் துள்ளியது.

"வர மாட்டேங்காரு," என்றார் கஸ்பார். "புத்திசாலின்னு அம்மா சரியாத்தான் சொல்லியிருக்காவ."

அப்போது இஞ்ஞாசியின் முதுகுக்குப் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. "மாமா, நான் படுக்கேன். நான் ஏற்கனவே தண்ணி தெளிச்சு விட்டவன்தான. எனக்கு எல்லாம் பழக்கம்."

வேறு வழியில்லை. தொம்மையைக் கரையோரத் தண்ணீரில் குப்புறப் படுக்கவைத்து ஈரச் சாக்கு போர்த்தினார்கள். "யாரு என்ன கேட்டாலும் பேசாத. மூச்சு மட்டும் விடு. ஒரு கண்ணை மூடிக்கோ," என்று கஸ்பார் சொல்லிக்கொடுத்தார்.

மூன்று மணிக்கு ரேஞ்சரம்மா ஜீப்பில் வந்து இறங்கினார். கூடவே தூக்குக் கட்டிலோடு நாலு ஆட்கள். சாக்கை விலக்கிப் பார்த்தார்.

"இது யாரு?"

"வியாகுலம்," என்றார் கஸ்பார்.

"மீசை இருக்கு?"

"காலைல இல்லம்மா. நீங்க வர அஞ்சு மணி நேரம் ஆயிட்டுல்லா."

அதற்கு மேல் கஸ்பாரால் முடியவில்லை. நடந்ததையெல்லாம் கொட்டிவிட்டு இரண்டு கையையும் நீட்டினார். "திங்கக்கிழமை தாலி கட்டுற வரைக்கும் மட்டும் விடுங்கம்மா. பெறகு நானே உள்ள வந்துருதேன்."

ரேஞ்சரம்மா பைனாகுலரை எடுத்துக் கடலைப் பார்த்தார். மேட்டுக்கு அப்பால் துள்ளிய ஓங்கிலின் துடுப்பில் கயிற்றுத் தழும்பு பளிச்சென்று தெரிந்தது.

"யாரும் உள்ள போக வேண்டாம்," என்றார். "அது அதோ நல்லா இருக்கு. நீங்க இத்தனை பேர் இத்தனையும் செஞ்சும் அது தானே வழி கண்டுபிடிச்சுப் போயிருக்கு. எவ்வளவு புத்தி பாருங்க."

கஸ்பாருக்குப் போன உயிர் திரும்பி வந்தது. கூடவே கொஞ்சம் பெருமையும் வந்தது. "இருக்காதா பின்ன?" என்றார். "காலைல வரும்போது வலைன்னுகூடத் தெரியாம வந்து மாட்டுச்சு. ஒரு பகல் எங்ககூட இருந்துச்சு. எல்லாத்தையும் கத்துக்கிட்டுப் போயிட்டு."

ரேஞ்சரம்மா தூக்குக் கட்டிலைத் திரும்ப ஏற்றச் சொன்னார். ஜீப்பில் ஏறிக்கொண்டே, "சரி, மிச்சம் இருக்கிற இதையும் கடல்ல விட்டுட்டு வீட்டுக்குப் போங்க," என்று தொம்மையைக் காட்டிவிட்டுப் போய்விட்டார்.

சொன்னதைச் செய்கிற ஊர். தொம்மையை நாலு பேர் தூக்கி, மணல் மேட்டைத் தாண்டி, ஆழம் பார்த்துக் கடலில் விட்டார்கள். பேசாதே என்று மாமா சொன்னதை யாரும் ரத்து செய்யாததால் தொம்மையும் பேசாமல் போனான். கரையில் நின்று எல்லாரும் கை காட்டினார்கள். சலேத்தம்மாள் முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்த ஓங்கில் இன்னும் அங்கேதான் சுற்றிக்கொண்டிருந்தது. ஒற்றைக் கண்ணை மூடிக்கொண்டு மிதந்து வருகிற தொம்மையை அது ஒரு சுற்றுச் சுற்றிப் பார்த்தது. யாரென்று அதற்கு அடையாளம் தெரிந்திருக்க வேண்டும். மூக்கால் முட்டி முட்டி, அவனை நேராகக் கரையில் கொண்டுவந்து தள்ளிவிட்டு, திரும்பிப் பார்க்காமல் போய்விட்டது. தொம்மை மணலில் குப்புறக் கிடந்தான்.

ஊர் ஓடிவந்து சுற்றி நின்றது. கஸ்பார் வள்ளத்தின் மேல் ஏறினார்.

"அம்மா, இன்னொண்ணு ஒதுங்கியிருக்கு."

"உயிர் இருக்கா?" என்றது போன் பதறிப்போய்.

"இருக்கு. பாதி மூளை தூங்குது."

"ஜீப்பைத் திருப்பறேன். நான் வர்ற வரைக்கும் முதல்ல தண்ணி தெளிச்சு விடுங்க." கட்டாகிவிட்டது.

இஞ்ஞாசி வள்ளத்தை அண்ணாந்து பார்த்தார்.

"அதை நான் பன்னெண்டு வருஷத்துக்கு முந்தியே செஞ்சாச்சு மச்சான். ரெண்டாவதா என்ன செய்யணும்னு கேளு."